நல்ல காலின் நூல்

ரயில்வே காலனி, ஹூப்ளி
8-6-1958

அன்புள்ள அக்காவுக்கு,

மயிலம்மாள் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? வீட்டுக்கூரை மாற்றினாயா? எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை மருதைக்குத்தான் சரியில்லை.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டதும் நிற்கச் சொன்னேன். வலது கால் துணி மாதிரி மடங்கிவிட்டது. இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர் சொன்னார். மருந்து இல்லையாம். கம்பவுண்டர் நம் பக்கத்துக்காரர். "தினம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடுங்கம்மா" என்றார். எப்படித் தேய்ப்பது என்று கேட்டேன். "எல்லாருக்கும் தேய்க்கிற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பொன்மலையிலேயே இருந்திருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்திருப்பேன். இந்த ஊருக்கு மாற்றி ஆறு மாதந்தான் ஆகிறது, அவருக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. எண்ணெய் தேய்க்கிற கைவேலையை அம்மா உனக்குத்தான் கற்றுக்கொடுத்தாள், எனக்கு இல்லை. என் கைக்கு நீ கடிதத்தில் சொல்லிக்கொடு.

அவருடைய வணக்கத்தையும் சேர்த்து எழுதும்,
மயில்

*

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
15-6-1958

என் தங்கம் மயிலுக்கு,

அக்காள் வேலம்மாளின் ஆசீர்வாதம். நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்ததும் படித்துறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தாயிற்று. இனி வேலையைப் பார்ப்போம்.

அந்தக் கம்பவுண்டர் என் கையில் அகப்பட்டால் அவனுக்கே எல்லாருக்கும் தேய்க்கிற மாதிரி தேய்த்து அனுப்புவேன். சித்திரை வீதி கோமளம் மாமிக்கு எலும்பெல்லாம் அப்பளம். உள்ளங்கையால் நீவுவதோடு சரி, விரல் படக் கூடாது. (நான் தேய்த்தபிறகு தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் அடுக்களைக்குள் போவார். என் கை வேண்டும், நான் ஆகாது.) பெரிய கடைவீதி மீரான் பாய் மருமகள் கமர் ஜஹான் பிள்ளை பெற்ற உடம்பு. இடுப்பில் அழுத்தலாம், வயிற்றில் தடவ மட்டுமே செய்யலாம். அரிசி மண்டிக்காரர் சம்சாரத்துக்கு முழங்கையை வைத்து ஏறி மிதிக்காத குறையாகப் பிசைந்தால்தான் உறைக்கும். ஒருத்தருக்குச் செய்வதை இன்னொருத்தருக்குச் செய்தால் அது தேய்ப்பு இல்லை, அடி.

மருதையின் உடம்பைத் தொடாமல் நான் என்ன சொல்வது? அதனால் கேட்டதற்குப் பதில் எழுது. தொட்டால் வலிக்கிறதா? வலித்தால் இப்போது தேய்க்கவே வேண்டாம், பொறு. கால் சில்லென்று இருக்கிறதா? உள்ளங்காலில் கூச்சம் இருக்கிறதா?

அப்புறம், நல்ல கெண்டைக்காலைச் சுற்றி வெள்ளை நூலும் மற்றதைச் சுற்றிக் கறுப்பு நூலும் வைத்து, சரியாக நறுக்கி அனுப்பு. மாதாமாதம் அனுப்பினால் அதைப் பார்த்து நான் தேய்ப்பை மாற்றிச் சொல்வேன். இன்லேண்ட் லெட்டரில் எதுவும் வைக்கக் கூடாதாம், கவரில் வை.

வேளைக்குச் சாப்பிடு. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிற உடம்பு உன்னுடையது.

உன் அக்காள்,
வேலம்மாள்

*

ஹூப்ளி
3-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்.

வலி போய்விட்டது. கால் எப்போதும் சில்லென்று இருக்கிறது. கூச்சம் இருக்கிறது, உள்ளங்காலைத் தொட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆனால் காலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "விடும்மா, விடும்மா" என்று கையால் என்னைத் தள்ளுகிறான். அதைப் பார்த்தபிறகு நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

நூல் இரண்டும் வைத்திருக்கிறேன். அளக்கும்போது, "பெரியம்மா என்னை நூல்ல கட்டி ஸ்ரீரங்கத்துக்கு இழுத்துக்குவாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப கெட்டியான நூலா அனுப்பு" என்கிறான்.

அவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வராததுமாக அவன் காலைத்தான் பார்க்கிறார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மயில்

*

ஸ்ரீரங்கம்
12-7-1958

மயிலுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மருதைக்கு ஆயிரம் முத்தம்.

கவரைப் பிரித்ததும் நூல்களை என் விரலில் சுற்றிப் பார்த்தேன். இத்தனூண்டு காலா! கறுப்பு இரண்டு நெல்லளவு குறைச்சல். பரவாயில்லை, இது ஆரம்பந்தான்.

கவனமாகப் படி. முதலில் நல்ல காலை நீவு. நல்ல சதை எப்படி இருக்கும் என்று உன் கை தெரிந்துகொண்டால்தான் மற்றதில் என்ன இல்லை என்பது தெரியும். பிறகு உன் கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு, சிரிக்கிற உள்ளங்காலிலிருந்து தொடங்கு. கணுக்காலிலிருந்து மேல்நோக்கியே உருவு, கீழ்நோக்கி வராதே. அவன் சதை இப்போது ஊறின அவல் மாதிரி. பிசையாதே, கட்டைவிரலால் அழுத்தாதே. அவன் சிரித்துத் தள்ளினால் தள்ளட்டும், அதுவும் பயிற்சிதான்.

நல்லெண்ணெய் அவனுக்குப் போதாது. உளுந்து போட்டுக் காய்ச்சிய தைலம் ஒரு டின், ஹூப்ளி போகிற பொன்மலை ஆள் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கித் தூக்கி உன் முதுகு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரி எழுதினால் கை ஒடிந்துவிடாது.

அக்காள்

*

ஹூப்ளி
24-8-1958

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் தைலம் வந்தது. வீடு முழுக்க உன் வாசனை. மருதை டின்னைத் திறந்து மோந்து பார்த்து, "பெரியம்மா உள்ள இருக்காங்க" என்றான்.

வெள்ளை நூல் ஒரு நெல்லளவு கூடியிருக்கிறது. கறுப்பு அப்படியே இருக்கிறது. நல்ல கால் மட்டும் வளர்வதைப் பார்த்து இன்னொரு தடவை அளந்தேன்.

அவன் இப்போது உட்கார்ந்தபடியே நகர்ந்து வாசல்வரை போகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடக் கூப்பிட்டால், "என் கால் தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று அவர்களை அடக்குகிறான். இங்கே ஓயாத மழை. லேசாகச் சளி பிடித்திருக்கிறது.

நம்பிக்கையாக நாலு வார்த்தை எழுது அக்கா.

மயில்

*

ஸ்ரீரங்கம்
6-9-1958

அன்புள்ள மயிலுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் அதன் பாட்டைப் பாடுகிறது. கறுப்பு நூல் குறையாமல் நிற்பதே பெரிய காரியம். நிற்பது இனி ஏறும். எழுதி வைத்துக்கொள்.

மழைக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்கிறேன். சளி இருக்கிறவரை தைலம் வேண்டாம், உடம்பைக் குளிர்த்திவிடும். வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து காலுக்கு ஒத்தடம் கொடு. சளி விட்டபிறகு பழையபடி செய்.

பொன்மலையில் ஃபிட்டர் சவரிநாதன் வீட்டுப் பெண் குழந்தைக்கும் இதே நோய். பெயர் ஞானம். இடது கால். மருதையைத் தொட முடியாத கையால் அவளைத் தேய்க்கிறேன். அவளுக்குத் தேய்ப்பு வேறே, அவள் சதை இறுகிக் கிடக்கிறது.

தீபாவளிக்கு மாப்பிள்ளையை ரயில்வே பாஸ் எடுக்கச் சொல். ஒரு வாரம் அவனை என்னிடம் விட்டுப் பார்.

வழி பார்த்திருக்கும் அக்காள்

*

ஹூப்ளி
9-12-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கார்டுகளும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தீபாவளிக்கு வர முடியவில்லை. அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது.

நூல் வைத்திருக்கிறேன். கறுப்பு ஒரு நெல்லளவு கூடியிருக்கிறது.

தைலம் தீர்ந்துவிட்டது. இன்னும் அனுப்பு. இனி எப்படித் தேய்க்க வேண்டும் என்று விவரமாக எழுது. உடனே எழுது.

மயில்

*

ஸ்ரீரங்கம்
18-12-1958

என் ராசாத்தி மயிலுக்கு,

நீ நூறு வயது இருக்க வேண்டும்! கறுப்பு நூல் ஏறியிருப்பதைப் பார்த்து நான் தெருவில் நின்று கத்திவிட்டேன். ஏகாதசிக்கு வந்த ஜனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. கோமளம் மாமியிடம் காட்டினேன். "நிஜமாவே ஏறியிருக்குடி வேலம்மா, பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார். பெருமாள் எங்கே வந்து எண்ணெய் தேய்த்தார்? தேய்த்தது என் தங்கை.

இனிமேல் கொஞ்சம் அழுத்தம் கூட்டு. கெண்டைச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்து விடு. சுவரில் சாய்த்து நிறுத்திப் பழக்கு.

இன்னொரு சந்தோஷம். ஞானத்தை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டு, அப்புறம் இரும்புச் சட்டம் மாட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இரும்பா? என் தங்கச்சி மகனைப் பாருங்க" என்று உன் நூலைக் காட்டினேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெட்ராஸ் போவதை ஒத்திப் போட்டுவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். பிள்ளை பேசின பேச்சு ஒன்றைக் கூட இந்தத் தடவை நீ எழுதவில்லையே! பெரியம்மாவை மறந்துவிட்டானா?

ஆனந்தத்தோடு,
அக்காள்

*

ஹூப்ளி
10-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்.

நூல் வைத்திருக்கிறேன். கறுப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ சொன்னபடி சுவரில் சாய்த்து நிறுத்தினேன். நின்றான்.

அந்தப் பொன்மலைக் குழந்தையை மெட்ராஸுக்கு அனுப்பிவிடு அக்கா. என் நூலைக் காட்டி அவளை நிறுத்தி வைக்காதே. ஒவ்வொரு உடம்பும் வேறே என்று நீதானே சொல்வாய்? தாமதம் செய்யாதே. உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

மயில்

*

ஸ்ரீரங்கம்
19-7-1959

மாப்பிள்ளை பிச்சைமுத்துவுக்கு,

வேலம்மாள் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பும் என் தங்கை உடம்பும் எப்படி இருக்கின்றன என்று உண்மையாக எழுதுங்கள். இந்தக் கடிதத்தை ஷாப் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மயிலுக்குக் காட்ட வேண்டாம்.

மாசியில் வந்த அவள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையை என் தங்கையே நம்பவில்லையே என்று நினைத்தேன். ஞானத்தை அனுப்பச் சொல்லவில்லை. அதற்கப்புறம் சித்திரையிலும் ஆனியிலும் வெறும் கவர் வந்தது. உள்ளே நூல் மட்டும். ஒரு வரி எழுத்து இல்லை. கறுப்பு ஏறிக்கொண்டே இருந்தது. நானும் தேய்ப்பை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எல்லா நூல்களையும் முறத்தில் வரிசையாகப் பரப்பினேன். கோமளம் மாமிக்கு ஒரு முறை முழுசாகக் காட்டலாம் என்றுதான் பரப்பினேன். அப்போதுதான் வெள்ளை நூல்களைப் பார்த்தேன். போன வருஷம் ஆனியில் வந்ததைவிட ஆவணியில் வந்தது நீளம். சரி, பிள்ளை வளர்கிறான். மார்கழி வெள்ளை, மாசி வெள்ளை, சித்திரை வெள்ளை, ஆனி வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை.

மாப்பிள்ளை, வளர்கிற பிள்ளை. இரண்டு கால் பாரத்தை ஒரு கால் தாங்குகிறது. அந்த நல்ல கால் ஆறேழு மாதமாக வளராமல் இருக்குமா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் கெட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நல்ல காலைப் பார்க்கவில்லை.

என் பிள்ளை எங்கே மாப்பிள்ளை?

வேலம்மாள்

*

ஹூப்ளி ஒர்க்‌ஷாப்
30-7-1959

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

பிச்சைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்கு நிற்கவில்லை.

மருதை இல்லை அக்கா. ஐப்பசிக் கடைசியில், அந்தச் சளி நெஞ்சுக்கு இறங்கி மூச்சு முட்டிப் போய்விட்டான். காலைக் கெடுத்த நோய் நெஞ்சையும் பலவீனப்படுத்தியிருந்ததாக டாக்டர் சொன்னார். உங்கள் தேய்ப்பாலும் இல்லை, அவள் கையாலும் இல்லை. இங்கேயே அடக்கம் செய்தோம்.

தந்தி கொடுக்கக் கிளம்பினேன். மயில் கதவை மறித்து நின்றுகொண்டாள். அப்புறம் நான் எழுத உட்காரும்போதெல்லாம், "அக்காவுக்குத் தெரிஞ்சா எழுத மாட்டா. எழுதலைன்னா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். அவளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை அக்கா. போய்விட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதம் வந்தால் அன்றைக்கு எழுந்து முகம் கழுவுகிறாள். நீங்கள் சொன்னபடி தைலத்தைச் சுட வைக்கிறாள். பாயை விரிக்கிறாள். கையை அடுப்பில் காட்டிக்கொண்டு பாய் பக்கத்தில் போய் உட்காருகிறாள். எண்ணெய் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருகிறாள். கடிதம் வராத நாளில் அதுவும் இல்லை, படுத்தே கிடக்கிறாள். சோறு இறங்கவில்லை.

அந்தப் பொன்மலைப் பிள்ளை விஷயம் தெரிந்த அன்று மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் உங்களிடம் சொல்ல விடவில்லை.

அதனால் கேட்கிறேன். தேய்க்கிற முறையைத் தொடர்ந்து எழுதுங்கள் அக்கா. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். இந்தப் பொய்யையும் எடுத்துவிட்டால் அவளிடம் ஒன்றும் இல்லை.

தங்கள்,
பிச்சைமுத்து

*

ஸ்ரீரங்கம்
14-8-1959

என் மயிலுக்கு,

அக்காள் எழுதுவது. என் முழங்காலைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இந்த ஆடிப்பெருக்குக்கு நான் படித்துறையில் இறங்கவில்லை. முழங்கால் காரணம் இல்லை.

நீ சொன்னபடி கடைசியில் ஞானத்தை மெட்ராஸுக்கு அனுப்பினோம். குதிகால் நரம்பு மேலே இழுத்துக்கொண்டுவிட்டதாம். "ஆறு மாசத்துக்கு முன்னாடி ஏன் கொண்டுவரலை?" என்று டாக்டர் கேட்டாராம். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்த வீட்டுப் பக்கம் இனி என்னால் போக முடியாது. அதில் உன் பங்கு கொஞ்சம், என் திமிர் மீதி. போகட்டும், உன்னைத் திட்ட இதை எழுதவில்லை.

இந்தத் தடவை தேய்ப்பை அடியோடு மாற்றுகிறேன். இதுவரை எழுதினதெல்லாம் யாருடைய உடம்புக்கோ எழுதினது. இனி வெள்ளை நூலும் வேண்டாம், கறுப்பு நூலும் வேண்டாம். உன் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூல் வைத்து நறுக்கி அனுப்பு. அந்தக் கையைத்தான் நான் இனிமேல் பார்க்க வேண்டும். தைலத்தை மறுபடி சுட வைக்காதே, பாயைச் சுருட்டி வை. சோறு வடித்துச் சூடாகச் சாப்பிடு. மாப்பிள்ளை பாஸ் எடுத்துக் கூட்டிக்கொண்டு வரட்டும். வர முடியாவிட்டால் என் வாடிக்கை வீடுகள் எல்லாம் நாசமாகப் போனாலும் போகட்டும், நான் ரயில் ஏறுகிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும், மயில். தெரிந்துவிட்டதே என்பதற்காக எழுதுவதை நிறுத்திவிடமாட்டேன்.

உன் அக்காள்

*

ஹூப்ளி
21-9-1959

அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு நீயே தேய்த்துக்கொள். வேறு யாரையும் தொட விடாதே, அவர்களுக்குத் தெரியாது.

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நீ சொன்னபடி பாயைச் சுருட்டி வைத்தேன். சுருட்டினபிறகு அந்த இடம் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

உனக்கு அனுப்பாத கறுப்பு நூல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐப்பசியில் அவன் காலைச் சுற்றிக் கடைசியாக எடுத்தது. அது கூடவில்லை அக்கா. குறைந்திருந்தது. இரண்டு நெல் குறைந்திருந்தது. உன் தைலத்துக்கும் என் கைக்கும் அந்தக் கால் கட்டுப்படவே இல்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சளி அதிகமானது. அப்புறம் அனுப்பினதெல்லாம் நானாக நறுக்கினது.

நீ கேட்ட மணிக்கட்டு நூல் இதில் இருக்கிறது. நறுக்கினபிறகு அந்தக் கறுப்பு நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு.

ரயில் ஏறி வராதே. வந்தால் தொட்டுப் பார்ப்பாய். தொட்டால் நான் எவ்வளவு மெலிந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். இந்த அளவுக்கு என்ன எண்ணெய் என்று எழுத வேண்டாம்.

அவர் நலம்.

மயில்